வா... வான்னா வரணும்ல!

ஆடித் தபசுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது ஊருக்குப் போனேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ கூடக் குடிக்கலை, எங்க தெருப் பையன் ஒருத்தன் வழியை மறிச்சுட்டான். இன்ஜினீயரிங் செகண்ட் இயர், ஈ.சி.ஈ. கையில புத்தகம் இல்லை. தலைகாணி உறைக்குள்ள சுத்தி வச்ச ஒரு இரும்புப் பெட்டி.

"அண்ணே, இது ஒழுங்கா அழ மாட்டேங்குது. என்னன்னு பாருங்க!"

பிரிச்சா, வா-வா பெடல்! கிடார் வாசிக்கிற பாஸுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்காக: கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல காலடியில கிடக்கிற மிதி இது. குதிகாலை அழுத்தினா கிடார் 'ஊ'ன்னு முனகும். விரல் பக்கம் அழுத்தினா 'ஆ'ன்னு வாயைத் திறக்கும். முன்னும் பின்னும் ஆட்டினா 'வா... வா...'ன்னு நம்மளைக் கூப்பிடும். தமிழ்ல இதைவிடப் பொருத்தமா ஒரு பேர் வைக்க முடியாது! எழுபதுகளின் டிஸ்கோ காலத்துப் பாட்டுகள்ல, ஹீரோ ஸ்டைலா நடந்து வரும்போது பின்னாடி 'வக்கா வக்கா'ன்னு ஒண்ணு கேட்குமே, அதேதான்.

நம்ம பையன் ஒரு மெல்லிசைக் குழுவுல கிடார். சுத்துப்பட்டுக் கொடை, கல்யாணம், தபசுன்னு கச்சேரி. செகண்ட் ஹேண்ட்ல, பேரே அழிஞ்சு போன ஒரு பெடலை ஆசையா வாங்கிட்டு வந்தான். மேடையில போட்டா கீழே 'ஊ' வரவே இல்லை. மேலே போனா 'கீச்'. நடுவுல கரகரன்னு மணல் அரைக்கிற சத்தம். குழுத் தலைவர் அண்ணாச்சி நேரடியாவே சொல்லிட்டார்: "ஏலே, அந்தச் சத்தம் கீபோர்டுலயே இருக்கு. தபசுக்கு நீ பெட்டியை வீட்டுலயே வச்சிட்டு வா."

இது வரைக்கும் சரி. அடுத்து அவன் சொன்னதுதான் எனக்குப் பகீர்னுச்சு. வெளிநாட்டுக் காயில், பழைய காலத்துக் கண்டன்சர், 'ஒரிஜினல்' டிரான்சிஸ்டர், புது வால்யூம் எல்லாம் சேத்து ஆர்டர் போடப் போறானாம். 5,600 ரூபாய். காசு? காலேஜ் பஸ் ஃபீஸ் கட்ட அம்மா கொடுத்தது. வீட்டுல ரெண்டு விசைத்தறி, கூலிக்கு ஓடுது. அந்தத் தறி எத்தனை நாள் சடசடத்தா 5,600 வரும்னு அவனுக்கே தெரியும். தெரிஞ்சும் கண்ணுல அந்தக் காயில்தான் மின்னுது.

"ஆர்டர் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. நாளைக்கு."

"ஒரு வாரம் தள்ளிப் போடு."

ஏன் தள்ளிப் போடச் சொன்னேன்னா, இந்தப் பெடலோட பிறப்பே ஒரு சிக்கனக் கதை பாஸ்! 1966. அமெரிக்காவுல கலிஃபோர்னியா. தாமஸ் ஆர்கன்னு ஒரு கம்பெனி, வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர் தயாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல நடு ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கிற ஒரு திருகு ஸ்விட்ச். அது விலை ஜாஸ்தி, அதுக்குப் பதிலா சாதாரண வால்யூம் கண்ட்ரோல் போட முடியுமான்னு பாக்கிற வேலை பிராட் பிளங்கெட் என்கிற இளம் இன்ஜினீயர் தலையில விழுந்துச்சு. போட்டார். திருப்பினார். சத்தம் 'வா'ன்னுச்சு! அதை ஒரு ஆர்கன் பெடல் கூட்டுக்குள்ள வச்சு, காலால ஆட்டிப் பார்த்தாங்க. ட்ரம்பெட் வாயில அடைப்பானை வச்சு மூடித் திறந்து அழ வச்ச க்ளைட் மெக்காய்ங்கிற வித்வானோட பேர்லயே 1967-ல் பெடல் கடைக்கு வந்துச்சு. அதுக்குத் தம்பிதான் 'க்ரை பேபி'. 1968-ல் ஹென்ட்ரிக்ஸ் 'வூடூ சைல்ட்' பாட்டுல அதை மிதிச்ச மிதியில உலகமே ஆடிப்போச்சு. 1971-ல் ஐசக் ஹேய்ஸோட 'ஷாஃப்ட்' படப் பாட்டு வந்தப்போ, அந்த 'வக்கா வக்கா' உலக சினிமாவுக்கே ஒட்டிக்கிச்சு.

விலை குறைக்கப் போய்ப் பிறந்த பொருள். அதுக்கு இன்னைக்கு யானை விலையில பார்ட்ஸ்!

மறுநாள் காலையில ரெண்டு பேரும் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி கடைக்குப் போனோம். ரேடியோ காலம் போனாலும் போர்டு மட்டும் அப்படியே. உள்ளே மிக்ஸி, ஃபேன், கல்யாண மைக்செட் ஆம்ப்ளிஃபயர். அண்ணாச்சி வா-வா பெடலை வாழ்க்கையில முதல் தடவையா பாக்கிறார். மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, "ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு காயில், பத்துப் பதினஞ்சு சில்லறை. இதுக்கா தம்பி இம்புட்டு அலப்பறை?"ன்னார். அப்படியே உருகிட்டேன்.

அவர் சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை. முதல்ல கேட்ட கேள்வி, "அணைச்சு வச்சிருக்கும்போது சத்தம் நல்லா வருதா?"

கிடாரை நேரா ஆம்ப்புல சொருகிக் கேட்டோம். அப்புறம் பெடல் வழியா, ஆனா பெடலை ஆஃப் பண்ணி வச்சுக் கேட்டோம். அய்யோ, பட்டவர்த்தனமா தெரியுது! ஆஃப்ல இருக்கும்போதே பளிச்சுனு இருக்க வேண்டிய கம்பிச் சத்தம் போர்வை போர்த்தின மாதிரி மங்குது. பழைய டிசைன்ல இது வழக்கம். ஸ்விட்ச் வெளியே போற பக்கத்தை மட்டும்தான் மாத்தும். உள்ளே வர்ற பக்கம் சர்க்யூட்டோட ஒட்டிக்கிட்டே கிடக்கும். கிடார் பிக்கப் பாவம், அதையும் சேத்துச் சுமக்கணும். காயிலை மாத்தினா இது போகுமா? ஜென்மத்துக்கும் போகாது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டி விடுற, ரெண்டு வரிசைக் காலுள்ள மிதி ஸ்விட்ச் வேணும். ஊர்ல கிடைக்கலை. சென்னையில படிக்கிற ஃப்ரெண்டுக்கு போன் போட்டான். ரிச்சி தெருவுல வாங்கி, ஆம்னி பஸ்ல பார்சல் போட்டுட்டான் மகராசன்.

அடுத்து மணல் அரைக்கிற சத்தம். அது வால்யூம் கண்ட்ரோலோட உள்பாதையில சேர்ந்த அழுக்கு. கிளீனர் ஸ்ப்ரே ரெண்டு சொட்டு, இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டல், போயே போச்சு. தேஞ்சு போயிருந்தா மாத்தித்தான் ஆகணும். ஆனா அதுல ஒரு விஷயம்: 100கேன்னு போட்ட எதையும் மாட்டிட முடியாது. வா-வாவுக்குன்னு செய்யிற வால்யூம், ஆரம்பத்துல மெதுவாவும் நடுவுல வேகமாவும் மாறும். ரேடியோ வால்யூமை மாட்டினா 'வா' முழுக்க ஒரு ஓரத்துல போய்க் குவிஞ்சுக்கும். காசு செலவழிக்கணும்னா நான் இங்கதான் செலவழிப்பேன்.

மூணாவது, செலவே இல்லாதது. மிதியோட பல்பட்டை ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும், அது வால்யூமைத் திருப்பும். பல்பட்டையைத் தளர்த்தி, சக்கரத்தை ரெண்டு பல் தள்ளி மாட்டினா, மிதி ஆடுற தூரம் அதேதான், ஆனா சத்தம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கிறது மாறிடும். அண்ணாச்சி தள்ளி மாட்டினார். 'கீச்' பாதி குறைஞ்சது. பையன் முகத்துல முதல் தடவையா சிரிப்பு.

"ஆனா அண்ணே, 'ஊ' இன்னும் வரலையே?"

வரலைதான். இப்பதான் பார்ட்ஸ் மாத்துற கட்டம்!

பயப்படாதீங்க, தியரி ரெண்டே பாரா. காயிலும் கண்டன்சரும் சேர்ந்தா ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் தூக்கிப் பிடிக்கும். வா-வாவுல காயில் 500 மில்லி ஹென்றி, கண்டன்சர் 0.01 மைக்ரோ ஃபாரட். ரெண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை 6.28-ஆல பெருக்கி, ஒண்ணை அதால வகுத்தா ஏறத்தாழ 2,250 ஹெர்ட்ஸ். அதுதான் விரல் பக்கம் முழுக்க அழுத்தினா வர்ற 'ஆ'. குதிகாலை அழுத்தும்போது, ரெண்டாவது டிரான்சிஸ்டர் வழியா சத்தத்தைத் திருப்பி அந்தக் கண்டன்சருக்கே ஊட்டுறாங்க. அதனால கண்டன்சர் தன் சைஸைவிட இருபத்தஞ்சு மடங்கு பெரிசா இருக்கிற மாதிரி சர்க்யூட்டை ஏமாத்தும். சுருதி 450 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அதுதான் 'ஊ'.

நம்ம வாயும் இதைத்தான் செய்யுது. தொண்டையில ஒரே சத்தம். உதட்டைக் குவிச்சா 'ஊ', திறந்தா 'ஆ'. உறுமி மேளம் கேட்டிருக்கீங்கள்ல? வளைஞ்ச குச்சியைத் தோலில் தேய்ச்சுத் தேய்ச்சு அதை முனக வைப்பாங்களே, அந்த முனகல் வயித்துக்குள்ள போய் என்னமோ பண்ணும். பையன் கேட்டது அதைத்தான். "உறுமி மாதிரி கீழே இறங்கணும்ணே"ன்னான். இதைவிடத் தெளிவா எந்த வெளிநாட்டுக்காரனும் சொல்ல மாட்டான்.

சரி, காயில் நல்லா இருக்கா இல்லையா? அவன் ஆசைப்பட்டது இத்தாலி வழியா பேர் எடுத்த 'ஃபாசல்' வகைக் காயில். அது நல்ல காயில்தான், மறுக்கலை. ஆனா இருக்கிறதோட மதிப்பே தெரியாம மாத்துறது, ஜுரம் பாக்காமலே ஊசி போடுற கதை. திங்கக்கிழமை காலேஜ் லேப்புக்குக் கொண்டு போகச் சொன்னேன். காயிலைக் கழட்டி, அதுக்கு இணையா ஒரு 0.01 கண்டன்சர். ஃபங்ஷன் ஜெனரேட்டர்லேர்ந்து 100கே ரெசிஸ்டன்ஸ் வழியா சிக்னல். சி.ஆர்.ஓ.வுல அலை எங்க உச்சத்துக்குப் போகுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். 2,300 ஹெர்ட்ஸ்ல உச்சம். கணக்குப் போட்டா 480 மில்லி ஹென்றி. காயில் கல்லு மாதிரி இருக்கு! லேப் அசிஸ்டென்ட் "இது எந்த எக்ஸ்பெரிமென்ட் தம்பி?"ன்னு சந்தேகமா கேட்டாராம். "தபசு எக்ஸ்பெரிமென்ட் சார்"னு சொல்லியிருக்கான், திமிரு!

காயிலுக்கு மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லணும். மதிப்பு ஒண்ணா இருந்தாலும் காயிலுக்குக் காயில் குணம் கொஞ்சம் மாறும். உள்ளே இருக்கிற ஃபெர்ரைட், கம்பியோட தடை, பலமா வாசிக்கும்போது அது எப்படித் திணறுதுங்கிறது, எல்லாம் சத்தத்துல தெரியும். அதனால காயிலை மாத்துறது மூடநம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன். கடைசியா செய்ய வேண்டியதை முதல்ல செய்யாதீங்கன்னுதான் சொல்றேன்.

கண்டன்சர் கதை வேற. பழைய காலத்துக் கண்டன்சருக்குத் தனி 'இனிப்பு' இருக்குன்னு ஒரு கோஷ்டியே இருக்கு. அண்ணாச்சி டப்பாவுல நாலு விதமா '103'னு அச்சடிச்ச கண்டன்சர் கிடைச்சுது, 103ன்னா 0.01 மைக்ரோ ஃபாரட். பச்சை, சிவப்பு, பழுப்பு, ஒண்ணு ஏதோ பழைய டி.வி.யில இருந்து புடுங்கினது. பையனைத் திரும்பி நிக்க வச்சு, முதலைக் கிளிப்புல மாத்தி மாத்தி மாட்டி, நான் கிடாரைத் தட்டினேன். "இது பச்சை." இல்லை. "இது பழசு, நிச்சயமா." அதுதான் பச்சை! பத்துத் தடவையில மூணு சரி. அப்புறம் சொல்லாமலே 0.015-ஐ மாட்டினேன். உடனே திரும்பிட்டான். "அண்ணே, இதுதாண்ணே! இது எந்தக் கம்பெனி?"

கம்பெனி இல்லப்பா, மதிப்பு!

பழைய பெடல்கள்ல ஒண்ணு தேனா இருக்கும், அதே மாடல்ல இன்னொண்ணு தகரமா இருக்கும்னு சொல்வாங்க. உண்மைதான். அந்தக் காலத்து பார்ட்ஸ்ல போட்டிருக்கிற மதிப்புக்கும் நிஜ மதிப்புக்கும் பத்து, இருபது சதவீத வித்தியாசம் சகஜம். தேனா இருந்த பெடலுக்குள்ள 0.01-னு எழுதின கண்டன்சர் நிஜத்துல 0.012-ஆ இருந்திருக்கலாம். ஆள் கம்பெனி பேரைத் தூக்கிக்கிட்டு ஓடுறார், மல்டிமீட்டரை விட்டுட்டு.

இதுல ஒரு சுலபமான வழி இருக்கு. இருக்கிற 103-ஐக் கழட்டவே வேண்டாம். அது மேலயே இணையா ஒரு '472', அதாவது 0.0047, வச்சு ஒட்டிடுங்க. ரெண்டும் கூடி 0.0147. போர்டுல தடம் பிஞ்சு வர்ற ஆபத்து இல்லை, பிடிக்கலைன்னா எடுத்துடலாம். இப்போ ஏட்டுக் கணக்குப்படி சுருதி ஓட்டம் 370-லேர்ந்து 1,850 ஹெர்ட்ஸ். கண்டன்சரைக் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்காக்கியும் சுருதி அஞ்சுல ஒரு பங்குகூட இறங்கலையேன்னு பாக்காதீங்க, நடுவுல வர்க்கமூலம் உக்காந்திருக்கு. பாதியாக்கணும்னா நாலு மடங்கு வேணும். அது பேஸ் கிடாருக்குத்தான் சரி. 0.022 போட்டுப் பார்த்தோம், கிடார் வயித்து வலி வந்த மாதிரி முனகுச்சு. எடுத்துட்டோம்.

அடுத்து காயிலுக்கு இணையா நிக்கிற 33கே ரெசிஸ்டன்ஸ். கண்டுபிடிக்கிறது சுலபம், மூணு பட்டையும் ஆரஞ்சு. இதைக் கூட்டினா தூக்கிப் பிடிக்கிற சுருதி இன்னும் கூர்மையாகும், 'வா' மனுஷன் பேசுற மாதிரி வரும். ரொம்பக் கூட்டினா கூர் மட்டும் இருக்கும், சதை இருக்காது, விசில்தான். எவ்வளவு சரின்னு யாரையும் கேட்காதீங்க. 33கே-யோட ஒரு காலைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ஒரு 100கே வால்யூமை வயர்ல கட்டுங்க. வாசிச்சுக்கிட்டே திருப்புங்க. "நிறுத்து!"ன்னு காது சொல்ற இடத்துல நிறுத்தி, வால்யூமைத் தனியா கழட்டி மல்டிமீட்டர்ல அளங்க. எங்களுக்கு 51கே வந்துச்சு. கடையில இருந்தது 47கே, மஞ்சள்-ஊதா-ஆரஞ்சு. போட்டோம்.

முதல் டிரான்சிஸ்டரோட எமிட்டர்ல ஒரு 390 ஓம் இருக்கும், சில பெடல்ல 470, 510. அதைக் கொஞ்சம் குறைச்சா பலமும் அடிச்சத்தமும் கூடும். இவனோட பெடல்ல 510. 390 ஆக்கினோம். இன்னும் இறக்கினா பலமா தட்டும்போது பிசிறடிக்கும், தேவையில்லை. 1.5கே ஒண்ணு இருக்கும், அதைக் கூட்டினா நடுப்பகுதி அகலும். அதைத் தொடவே இல்லை. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா எது என்ன செஞ்சதுன்னு தெரியாம, பரீட்சை ஹால்ல முழிக்கிற மாதிரி முழிக்க வேண்டியதுதான்.

டிரான்சிஸ்டரையும் மாத்தணும்னு பிடிவாதம் பிடிச்சான். இருந்தது எம்.பி.எஸ்.ஏ. 18. நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிற, இரைச்சல் குறைஞ்ச பி.சி. 549சி போடலாம்னு ஆரம்பிச்சு, அவனே ஒட்டினான். ஆன் பண்ணா, மௌனம்! ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ரெண்டுக்கும் கால் வரிசை நேர்மாறு பாஸ். தட்டை முகம் நம்மைப் பாத்து இருந்தா ஒண்ணுல இடப்பக்கம் எமிட்டர், இன்னொண்ணுல இடப்பக்கம் கலெக்டர். திருப்பி ஒட்டினான், வந்துச்சு. வித்தியாசம்? எனக்குக் கேட்கலை. அவனுக்கும் கேட்கலை. ஆனா ஒத்துக்கலை!

தபசு ராத்திரி. ரத வீதி பூரா மனுஷத் தலை. மேடையில ஏறினா புதுசா ஒரு 'ங்ங்ங்...' வருது. பையன் முகம் செத்துப் போச்சு. காயில் ஒரு மாதிரி காந்த ஆன்டெனா, பக்கத்துல எந்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலும் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமலை உறிஞ்சி எடுத்துக்கும். பாத்தா, கீபோர்டோட அடாப்டர் பெடலுக்கு ஒட்டி உக்காந்திருக்கு. ரெண்டடி தள்ளி வச்சு, பெடலைக் கொஞ்சம் கோணலா திருப்பி, 9 வோல்ட் பேட்டரி போட்டதும் அடங்குச்சு. நல்லவேளை, அண்ணாச்சி பாக்கெட்ல பேட்டரியோட வந்திருந்தார். ஆமா, ரேடியோ அண்ணாச்சிதான். வேட்டி சட்டையில, மேடைக்குப் பக்கத்துலயே நின்னார்.

நாலாவது பாட்டுல இடையிசை. கீபோர்டுக்காரர் கையை வைக்கிறதுக்குள்ள நம்மாளு மிதிச்சான். கீழே இறங்குச்சு பாருங்க ஒரு 'ஊ'... முன் வரிசையில குழந்தையை மடியில வச்சிருந்த ஒரு அக்கா சட்டுனு நிமிர்ந்து பாத்தாங்க. குழுத் தலைவர் திரும்பவே இல்லை. பாட்டு முடிஞ்சதும் மைக்கைக் கையால மூடிக்கிட்டு, "அடுத்த பாட்டுக்கும் அதைப் போடு"ன்னார்.

பார்ட்ஸ், ஸ்விட்ச், பார்சல் எல்லாம் சேத்து 340 ரூபாய். அண்ணாச்சி கூலி வாங்க மாட்டேன்னுட்டார், பிரியாணி வாங்கிக் கொடுத்தோம். பஸ் ஃபீஸ் வெள்ளிக்கிழமை கட்டியாச்சு, ரசீதை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினான்.

கூடவே ஒரு மெசேஜ்: 'அண்ணே, ஒரு அரியர் இருக்கு, சொல்லித் தருவீங்களா?'

என்ன பேப்பர்னு கேட்டேன்.

'சர்க்யூட் தியரி.'